வீட்டுப் பழுதுபார்ப்புத் தொழிலுக்கு உரிமம்: விதியும் நடைமுறையும்

குழாயில் நீர் கசிகிறது. மின்விசிறி சுழல மறுக்கிறது. கதவின் கீல் கழன்று தொங்குகிறது. மழைக்குப் பின் சுவரில் ஈரம் ஏறியிருக்கிறது. இத்தகைய சிறு பழுதுகளைச் சீர்செய்யத் தோளில் கருவிப் பையுடன் வீட்டுக்கு வரும் பணியாளரை இந்நாட்டின் எந்நகரிலும் காணலாம். அவர் இத்தொழிலைத் தொடங்குவதற்கு எந்த அலுவலகத்தில், எதன் பொருட்டு, என்ன உரிமம் பெற வேண்டும் என்பதே இவ்வுரையின் பொருளாகும். வினா எளியது. விடையோ ஒரே சட்டத்தில் கிடைப்பதன்று; பல சட்டங்களின் ஓரங்களில் சிதறிக் கிடக்கிறது.

அடிப்படையிலிருந்து தொடங்குவது நலம். எத்தொழிலையும் மேற்கொள்ளும் உரிமையை அரசமைப்பின் 19ஆம் உறுப்பு குடிமக்கள் அனைவருக்கும் வழங்கியுள்ளது. பொதுமக்கள் நலன் கருதி அவ்வுரிமையின்மீது நியாயமான கட்டுப்பாடுகளை விதிக்கவும், தொழிலுக்குரிய நுட்பத் தகுதிகளை வரையறுக்கவும் அதே உறுப்பின் 6ஆம் கூறு அரசுக்கு இடமளிக்கிறது. எனவே தச்சு வேலையோ, வண்ணம் பூசுதலோ, பூட்டுச் சீரமைத்தலோ செய்து பிழைக்க விரும்பும் ஒருவர் அரசின் முன்அனுமதியை நாட வேண்டியதில்லை என்பதே பொது விதி. அனுமதி தேவைப்படும் இடங்கள் விலக்குகளே. இந்த வரிசையை மாற்றிப் புரிந்துகொள்ளும் அலுவலர் சிலர் உளர், மனுதாரரைப் பார்த்தவுடன், “உன்னிடம் என்ன உரிமம் இருக்கிறது?” என்று கேட்பது அவர்கள் வழக்கம். எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு உரிமம் கோருகிறது என்று காட்டும் பொறுப்பு முதலில் அலுவலரைச் சேர்ந்தது.

பொருளாதார மாணவர்கள் உரிம முறையைப் பற்றி நிறையப் படித்திருப்பார்கள். 1951ஆம் ஆண்டின் தொழில்கள் (வளர்ச்சி, ஒழுங்குமுறை) சட்டம், 1991 ஜூலைத் திங்களில் வெளியான தொழிற்கொள்கை அறிக்கை, 18 தொழில்கள் நீங்கலாக ஏனையவற்றுக்கு உரிமம் நீக்கப்பட்டமை ஆகியவை பாடநூல்களில் விரிவாக இடம்பெறுகின்றன. ஆயினும் அச்சட்டம் மின்விசையுடன் 50 தொழிலாளரையோ மின்விசையின்றி 100 தொழிலாளரையோ கொண்ட ஆலைகளையே நோக்கி இயற்றப்பட்டது. கருவிப் பையுடன் தெருத்தெருவாகச் செல்பவரை அது தீண்டியதில்லை. ஆதலின் 1991இன் தளர்வு அவருக்கு ஒரு நன்மையும் தரவில்லை. அவரைத் தொடும் விதிகள் மாநிலங்களிடமும் உள்ளாட்சிகளிடமும் உள்ளன. அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில் உள்ளாட்சி மாநிலப் பட்டியலின் 5ஆம் இனம். தொழில் வரி அதே பட்டியலின் 60ஆம் இனம். மின்சாரம் பொதுப் பட்டியலின் 38ஆம் இனம். மூன்றும் மூன்று வாயில்கள்.

இடத்தைக் கேட்கும் விதிகள்

நகராட்சிச் சட்டங்களின் தொழில் உரிமம் ஆளைப் பற்றியதன்று, இடத்தைப் பற்றியது. மும்பை மாநகராட்சிச் சட்டம், 1888, அதன் 394ஆம் பிரிவிலும், தில்லி மாநகராட்சிச் சட்டம், 1957, அதன் 417ஆம் பிரிவிலும் குறிப்பிட்ட சில தொழில்களுக்கு ஓர் இடத்தைப் பயன்படுத்துவதற்கே உரிமம் கோருகின்றன. தீப்பற்றும் பொருள், புகை, ஓசை, துர்நாற்றம் ஆகியவற்றால் அண்டை வீட்டாருக்குத் தீங்கு நேராமல் காப்பதே இவ்விதிகளின் நோக்கம். பழைய சென்னை மாகாணச் சட்டங்களின் வழிவந்த அலுவலகங்களில் இதனை ‘டி அண்ட் ஓ லைசென்ஸ்’ என்று சுருக்கிச் சொல்வார்கள். அபாயகரமான, அருவருக்கத்தக்க தொழில்கள் என்பது அதன் விரிவு. பற்றவைப்புக் கருவிகளையும் வண்ணக் கரைப்பான்களையும் ஒரு கடையில் அடுக்கி வைத்துத் தொழில் நடத்துபவருக்கு இந்த உரிமம் தேவைப்படலாம். கடையே இல்லாதவரை இப்பிரிவு காண்பதில்லை. அவர் வேலை செய்யும் இடம் பிறருடைய வீடு.

கடைகள், நிறுவனங்கள் பற்றிய மாநிலச் சட்டங்களின் நிலையும் இதுவே. வேலைநேரம், விடுமுறை போன்ற ஊழியர் நலன்களுக்காக அவை எழுந்தன. ஊழியரே இல்லாத ஒற்றைப் பணியாளருக்கு அவற்றால் பெரும் சுமை இல்லை. மகாராஷ்டிரம் 2017இல் இயற்றிய சட்டம் 10 பேருக்குக் குறைவான ஊழியர் உள்ள நிறுவனங்கள் பதிவு செய்ய வேண்டியதில்லை, அறிவிப்புக் கொடுத்தாலே போதும் என்று ஏற்பாடு செய்தது. இத்துறையில் இது நல்ல முன்னேற்றம்.

நடைபாதையில் அமர்ந்து பூட்டும் குடையும் அடுப்பும் பழுதுபார்ப்போருக்கு வேறொரு சட்டம் துணை நிற்கிறது. தெரு வியாபாரிகள் (வாழ்வாதாரப் பாதுகாப்பு, தெரு வியாபார ஒழுங்குமுறை) சட்டம், 2014, பொருள் விற்போரை மட்டுமன்றித் தெருவில் பொதுமக்களுக்குச் சேவை வழங்குவோரையும் தெரு வியாபாரி என்னும் வரையறைக்குள் கொண்டுவந்துள்ளது. நடைபாதை வியாபாரமும் 19ஆம் உறுப்பின் கீழ் வரும் உரிமையே, நியாயமான கட்டுப்பாட்டுக்கு மட்டுமே உட்பட்டது என்று சோதன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1989இல் கூறியதன் தொடர்ச்சியாகவே இச்சட்டத்தைக் கருத வேண்டும். ஆயினும் நகர வியாபாரக் குழுக்கள் கணக்கெடுப்பு நடத்தும்போது காய்கறித் தள்ளுவண்டி கண்ணில் படுகிறது. பூட்டுச் சீரமைப்பவரின் சிறு பெட்டி படுவதில்லை. கணக்கெடுப்புக்குச் செல்லும் இளம் அலுவலர்கள் வரையறையை ஒருமுறை படித்துவிட்டுச் செல்வது நல்லது.

கட்டடப் பழுதுகளில் விதி தெளிவாகவே இருக்கிறது. பூச்சு வேலை, தரை ஓடு மாற்றுதல், வெள்ளையடித்தல் போன்றவற்றுக்குக் கட்டட அனுமதி வேண்டியதில்லை என்று 2016ஆம் ஆண்டின் தில்லி ஒருங்கிணைந்த கட்டடத் துணைவிதிகள் கூறுகின்றன. பிற நகரங்களின் விதிகளும் பெரும்பாலும் இவ்வாறே. சுமைதாங்கும் சுவரை இடிக்கச் சொன்னால் நிலைமை வேறு. அங்கு அனுமதி பெற வேண்டியவர் வீட்டு உரிமையாளர். இதை அறியாத பணியாளர், சொன்னதைச் செய்துவிட்டுப் பழியைச் சுமக்கிறார்.

திறமையைக் கேட்கும் விதி

மேற்கூறிய விதிகளில் எதுவும், “இவருக்கு வேலை தெரியுமா?” என்ற கேள்வியைக் கேட்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. அக்கேள்வியைக் கேட்பவை முக்கியமாக இரண்டு துறைகள்: குடிநீர்க் குழாய், மின்சாரம். தில்லி, பெங்களூரு போன்ற நகரங்களின் குடிநீர் வாரியங்கள் உரிமம் பெற்ற குழாய்ப் பணியாளர்களின் வழியாகவே பொதுக் குழாயிலிருந்து இணைப்பு எடுப்பதை ஏற்கின்றன. வீட்டுக்குள் ஒழுகும் குழாயின் வாஷரை மாற்ற யாரும் உரிமம் கேட்பதில்லை. கேட்கவும் தேவையில்லை.

மின்சாரத்தின் கதை நீண்டது. 1910ஆம் ஆண்டின் இந்திய மின்சாரச் சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்ட 1956ஆம் ஆண்டு விதிகளின் 45ஆம் விதி, நுகர்வோர் இடத்தில் மின்னமைப்பு வேலையைச் செய்ய மூவர் வேண்டும் என்றது: மாநில அரசின் உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரர், தகுதிச் சான்று பெற்ற மேற்பார்வையாளர், அனுமதிச் சீட்டுப் பெற்ற மின்கம்பியாளர். 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டத்துக்குப் பின் மத்திய மின்சார ஆணையம் 2010இல் வெளியிட்ட பாதுகாப்பு ஒழுங்குமுறைகளிலும், அவற்றுக்குப் பதிலாக 2023இல் வந்தவற்றிலும் இந்த அடிப்படை மாறவில்லை.

ஆனால் 45ஆம் விதியின் நடுவில் ஒரு விலக்கு பொதிந்திருந்தது. 2010ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைகளும் அதனை ஏற்றுக்கொண்டன. மின்னமைப்பின் திறனையோ தன்மையையோ எவ்வகையிலும் மாற்றாத வகையில் விளக்கு, விசிறி, உருகி, சுவிட்சு, வீட்டு மின்கருவி ஆகியவற்றை மாற்றிப் பொருத்துவதற்கு இக்கட்டுப்பாடு இல்லை என்பதே அது. பழுதுபார்ப்புப் பணியாளரின் அன்றாடப் பிழைப்பில் பெரும்பகுதி இந்த ஒரு வரியின் நிழலில்தான் நடக்கிறது. எனினும் அவரும் இதனை அறியார். அவரை அழைக்கும் இல்லத்தாரும் அறியார்.

இவ்வரியின் எல்லை எங்கே முடிகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். குளியலறையில் விளக்கு மங்கிவிட்டது, மாற்றித் தர வேண்டும் என்று அழைக்கிறார்கள். மாற்றித் தருகிறார், விதிக்கு உட்பட்ட வேலை. மறுவாரம் அதே குளியலறையில், இருக்கும் 5 ஆம்பியர் இணைப்பிலேயே 2,000 வாட் நீர்சூடேற்றியைப் பொருத்தித் தரச் சொல்கிறார்கள். 230 வோல்ட் அழுத்தத்தில் அது ஏறத்தாழ 8.7 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். இல்லத்தாரின் பார்வையில் இதுவும் ஒரு சில்லறை வேலையே. ஒரு பிளக்கை மாற்றினால் முடிந்தது. சட்டத்தின் பார்வையில் இது மின்னமைப்பின் திறனை மாற்றும் வேலை. இயற்பியலின் பார்வையிலும் அவ்வாறே: சுவருக்குள் செல்லும் மெல்லிய கம்பி சூடேறி, அதன் உறை நாளடைவில் உருகும். இங்கு விதியும் இயற்பியலும் ஒரே கோட்டைக் கிழித்திருக்கின்றன. உரிம விதிகள் அனைத்தையும் வீண்சுமை என்று ஒதுக்குவோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளின்படி அண்மை ஆண்டுகளில் மின்தாக்கி உயிரிழப்போர் எண்ணிக்கை ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கும் மேல். அவை யாவும் வீடுகளில் நேர்ந்தவை அல்ல. ஆயினும் அத்தொகையை மனத்தில் இருத்திக்கொண்டே இவ்விதியைப் பற்றிப் பேச வேண்டும்.

குறை விதியின் நோக்கத்தில் இல்லை. அதன் அமைப்பில் இருக்கிறது. ஒப்பந்தக்காரர், மேற்பார்வையாளர், கம்பியாளர் என்ற மூவடுக்கு ஆலைக்கும் அடுக்குமாடிக் கட்டடத்துக்கும் பொருந்தும். ஒப்பந்தக்காரர் உரிமம் பெற வேண்டுமானால் காப்புத் தடையையும் நிலத்தொடர்புத் தடையையும் அளக்கும் கருவிகள், தகுதிபெற்ற பணியாளர்கள் ஆகியவற்றைக் காட்டுமாறு மாநில விதிகள் கேட்கின்றன. ஒற்றை ஆளாக வேலை செய்பவருக்கு இவை எட்டாதவை. அவர் என்ன செய்கிறார்? வேலையைத் தாம் செய்கிறார். புதிய இணைப்புக்கான சோதனை அறிக்கையில் உரிமம் பெற்ற ஒருவரிடம் கட்டணம் கொடுத்துக் கையொப்பம் பெறுகிறார். கை ஒருவருடையது, கையொப்பம் மற்றொருவருடையது. கோப்பு நிறைவாக இருக்கிறது. சுவருக்குள் இருக்கும் கம்பியை எவரும் அளந்து பார்ப்பதில்லை. மேற்பார்வை வேண்டும் என்பதற்காக எழுந்த விதி, மேற்பார்வை நடந்ததாகக் காட்டும் தாளை மட்டும் வளர்த்துவிட்டது.

தகுதிச் சான்றைத் தனிப் பணியாளருக்கு எட்டும்படி செய்ய இயலாதா என்ற கேள்வி எழலாம். இயலும் என்பதற்கு ஒரு முன்மாதிரி தமிழ்நாட்டில் உள்ளது. அங்கு நடத்தப்பெறும் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு பட்டமோ பட்டயமோ கேட்பதில்லை. 21 வயது நிறைந்து, மின்கம்பி வேலையில் ஐந்தாண்டுச் செய்முறை அனுபவம் உள்ளவர் அதனை எழுதலாம். உச்ச வயது வரம்பு இல்லை. வேலையிலிருந்தே கற்றவருக்கு அரசு திறக்கும் கதவு என்று இதனைப் பாராட்டலாம். ஆனால் அந்த ஐந்தாண்டு அனுபவத்தை அவர் எங்கே பெறுவது? உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரின் கீழ் பெற்றால் சான்று கிடைக்கும். தனியே வேலை செய்து பெற்றிருந்தால், அனுபவத்தைச் சொல்வதே விதிமீறலை ஒப்புக்கொள்வதாகிவிடும். இந்த முடிச்சை அவிழ்க்க வேண்டும். தொழிற்பயிற்சி நிலையங்களில் மின்பணியாளர் பிரிவும் கம்பியாளர் பிரிவும் இரண்டாண்டுப் படிப்புகள். குழாய்ப் பணியாளர் பிரிவு ஓராண்டு. குடும்பம் நடத்தும் முப்பத்தைந்து வயதுப் பணியாளர் இரண்டாண்டு வகுப்பில் அமர இயலாது. 2015 முதல் நடைபெறும் பிரதமர் திறன் வளர்ச்சித் திட்டத்தில், முன்பே கற்ற திறனை மதிப்பிட்டுச் சான்றளிக்கும் ஏற்பாடு உண்டு. ஆனால் திறன் சான்று வேறு, மின்சார விதிகளின் கீழான அனுமதிச் சீட்டு வேறு. ஒன்று மற்றொன்றுக்குத் தகுதியாக ஏற்கப்பட்டால், புதிய சட்டம் இயற்றாமலேயே பாதி வேலை முடியும்.

பாதுகாப்புத் துறையினர் இதற்கு ஒரு மறுப்புச் சொல்வார்கள்: மேற்பார்வையின்றித் தனியாளை அனுமதித்தால் விபத்து பெருகும் என்பார்கள். மறுப்பு எளிதில் தள்ளத்தக்கதன்று. எனவே ஒற்றைத்தறுவாய் வீட்டு மின்னமைப்பு என்ற எல்லைக்குள் மட்டும், செய்முறைத் தேர்வின் அடிப்படையில், குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் வகையில் தனியாள் சான்று தரலாம். அளவுகருவிகளை அவர் சொந்தமாக வாங்க வேண்டியதில்லை. அரசு தொழிற்பயிற்சி நிலையத்திலிருந்து நாள் வாடகைக்குப் பெறலாம். இன்றுள்ள நிலையோடு ஒப்பிட வேண்டுமே அன்றி, ஏட்டில் உள்ள நிலையோடு அன்று.

உரிமம் எவ்வளவு பெற்றாலும் செய்யக்கூடாத வேலையும் ஒன்று உண்டு. கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டது என்று அழைக்கப்படும் பணியாளரிடம், கழிவுநீர்த் தொட்டியையும் திறந்து இறங்கிப் பார்க்கச் சொல்லும் வழக்கம் இன்னும் இருக்கிறது. கையால் மலம் அள்ளுவோர் பணியமர்த்தல் தடை, மறுவாழ்வுச் சட்டம், 2013, பாதுகாப்புக் கருவிகளின்றி ஒருவரைக் கழிவுநீர்த் தொட்டியிலோ சாக்கடையிலோ துப்புரவுப் பணியில் ஈடுபடுத்துவதை எவருக்கும் தடை செய்துள்ளது. முதல் முறை மீறினால் இரண்டாண்டு வரை சிறை, இரண்டு இலட்ச ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். இத்தண்டனை இறங்கியவருக்கன்று, இறக்கியவருக்கு. இத்தகைய இறப்புகளுக்கான இழப்பீட்டை 10 இலட்சத்திலிருந்து 30 இலட்ச ரூபாயாக உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் உயர்த்தியது. பத்து நிமிட வேலை என்று சொல்லி அழைக்கும் இல்லத்தார் இதனை அறிந்திருந்தால் அழைக்கமாட்டார்கள்.

அனுமதியும் அங்கீகாரமும்

வரி பற்றிய அச்சம் இத்தொழிலில் மிகுதி, தேவைக்கும் அதிகம். சரக்கு, சேவை வரியில் சேவை வழங்குவோர் பதிவு செய்ய வேண்டிய ஆண்டு வருவாய் எல்லை பொதுவாக 20 இலட்ச ரூபாய். மணிப்பூர், மிசோரம், நாகாலாந்து, திரிபுரா ஆகியவற்றில் 10 இலட்சம். நாளொன்றுக்கு 1,500 ரூபாய் வீதம் 300 நாள் உழைத்தாலும் ஆண்டு வருவாய் 4,50,000 ரூபாயே. ஒற்றை ஆள் அந்த எல்லையை உழைப்பால் மட்டும் எட்டுவது அரிது. குழாய், கம்பி, மின்கருவி ஆகியவற்றைத் தம் பெயரில் வாங்கி விற்கத் தொடங்கும்போதுதான் தொகை ஏறுகிறது. பொருளை இல்லத்தாரே தம் பெயரில் வாங்கித் தருவது இருவருக்கும் வசதி. செயலி வழியே வேலை பெறுவோர் விஷயத்தில், குழாய் வேலை, தச்சு வேலை முதலிய வீட்டுப் பராமரிப்புச் சேவைகளுக்கு, பணியாளர் பதிவு எல்லைக்குள் வராதவராயின், வரி செலுத்தும் பொறுப்பை 2017 ஆகஸ்டு அறிவிக்கை மின்வணிக நிறுவனத்தின்மீதே சுமத்தியுள்ளது.

2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள உத்யம் பதிவு உரிமம் அன்று. அதற்குக் கட்டணமும் இல்லை. ஆவணங்களைப் பதிவேற்ற வேண்டியதும் இல்லை. தாம் ஒரு குறுந்தொழில் நடத்துவதாகப் பணியாளர் தாமே அறிவிப்பதே அது. கட்டணம் வாங்கிக்கொண்டு இதனை ‘லைசென்ஸ்’ என்று விற்கும் இடைத்தரகர்கள் பெருகியிருப்பது வருந்தத்தக்கது. வங்கிக் கடனுக்கும், கட்டணம் தராமல் இழுத்தடிக்கும் நிறுவனங்களிடமிருந்து 45 நாள் வரம்பைக் காட்டி நிலுவையைக் கோருவதற்கும் இப்பதிவு பயன்படும். வீட்டு மின்னமைப்பில் கைவைக்கும் உரிமையை அது தராது.

2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கப்பட்ட பிரதமர் விசுவகர்மா திட்டம் 18 கைத்தொழில்களுக்குப் பயிற்சியும், 15,000 ரூபாய் கருவி உதவியும், 5 விழுக்காடு வட்டியில் முதலில் ஓர் இலட்சம், பின்னர் இரண்டு இலட்சம் எனக் கடனும் வழங்குகிறது. தச்சர், கொத்தனார், பூட்டுத் தொழிலாளர் அப்பட்டியலில் உள்ளனர். குழாய்ப் பணியாளரும் மின்பணியாளரும் இல்லை. மரபுவழித் தொழில்களை மனத்திற்கொண்டு வகுக்கப்பட்ட பட்டியல் என்பதால் இது நேர்ந்திருக்கலாம். எனினும் ஒரே ஆள் காலையில் கதவைச் சீர்செய்து மாலையில் குழாயை மாற்றும் இத்தொழிலில், எந்தக் கையால் விண்ணப்பிப்பது என்று அவர் திகைக்க நேர்கிறது.

பணியின் தரத்துக்குப் பொறுப்பு யார் என்பதும் உரிமத்தோடு கலந்து பேசப்படுகிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, கட்டணம் பெற்றுச் செய்யும் சேவையில் குறைபாடு இருந்தால் இழப்பீடு கோர வழி செய்கிறது. உரிமம் இல்லை என்பதால் பணியாளர் அப்பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. உரிமம் இருப்பதாலும் தப்ப முடியாது. செய்த வேலை, பெற்ற தொகை, பயன்படுத்திய பொருள் ஆகியவற்றை எழுதிய ஒரு சீட்டு இரு தரப்புக்கும் பாதுகாப்பு. இப்பழக்கம் இன்னும் வேரூன்றவில்லை.

அலுவலர்கள் இன்றைய விதிகளுக்குள் நின்றே செய்யக்கூடியவை சில உண்டு. எந்த வேலைக்கு எந்தச் சான்று தேவை, எதற்குத் தேவையில்லை என்பதை வட்டார மொழியில் ஒரே தாளில் அச்சிட்டு, மின்கட்டணம் செலுத்தும் இடங்களில் வைக்கலாம். விளக்கையும் சுவிட்சையும் மாற்றும் விலக்கு அத்தாளின் முதல் வரியாக இருக்க வேண்டும். நீர்சூடேற்றி இரண்டாம் வரி. கழிவுநீர்த் தொட்டி மூன்றாம் வரி. மின்கம்பியாளர், மேற்பார்வையாளர் சான்று பெற்றோரின் பதிவேடுகளை உரிமம் வழங்கும் மாநில அலுவலகங்கள் ஏற்கெனவே வைத்துள்ளன. அவை இல்லத்தாரின் கைக்கு எட்டுவதில்லை. அவற்றை வார்டு வாரியாகப் பிரித்து நகராட்சி அலுவலகத்தின் வாயிலில் ஒட்டுவதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் வேண்டியதில்லை. பணியாளரின் இசைவைப் பெற்று, ஆண்டுதோறும் மழைக்காலத்துக்கு முன்னர் பட்டியலைப் புதுப்பித்தால் போதும்.